பைப் புகையிலை: ஜாடியில் ஒரு பதம், கிண்ணத்தில் ஒரு பதம்

கேள்வி: எனக்கு வீடு செம்பூரில், வேலை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில். நாளுக்கு ஒரு பைப். 50 கிராம் டின் மூன்று வாரம் வருகிறது. ஜூலையில் வீட்டில் வைத்தால் புகையிலை நமத்துப் போய் பைப் களகளவென்று சத்தம் போடுகிறது. ஆபீஸ் டிராயரில் வைத்தால் ஏசியில் சருகாகிவிடுகிறது. ஆப்பிள் துண்டு போட்டு வைக்கச் சொல்கிறார் ஒரு நண்பர், ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். முதலில் டின்னை விட்டு வெளியே வாருங்கள். வட்ட டின்னின் மூடியை நாணயத்தால் நெம்பும்போது "புஸ்" என்று ஒரு சத்தம் வருகிறதே, அதுவரைதான் அது காற்றுப் புகாத டின். உள்ளே இருந்த வெற்றிடம்தான் மூடியை இறுக்கிப் பிடித்திருந்தது. திறந்த பிறகு எவ்வளவு அழுத்தி மூடினாலும் அது தகர டப்பாதான். பவுச்சும் அப்படியே. ஒட்டும் பட்டை ஓரிரு வாரத்தில் தூள் ஏறிப் பிடிப்பை இழந்துவிடும்.

புகையிலை தன்னைச் சுற்றியிருக்கும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும் பொருள். காற்றின் ஈரப்பதம் 60 முதல் 65 சதவீதம் இருந்தால் இலையில் ஏறக்குறைய 12, 13 சதவீதம் நீர் நிற்கும். பெரும்பாலான கலவைகள் நன்றாக எரிவது இந்த அளவில்தான். ஜூலை, ஆகஸ்டில் மும்பைக் காற்று பல நாள் 80 சதவீதத்துக்கு மேல்தான். அந்தக் காற்றில் திறந்து கிடக்கும் புகையிலை 20 சதவீதத்தையும் தாண்டிக் குடிக்கும். ஏசி அறையில் காற்று 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதே புகையிலை 10 சதவீதத்துக்கு வற்றும். உங்கள் டின் வீட்டில் நமப்பதும் ஆபீஸில் சருகாவதும் இதனால்தான். பொருளில் குறை இல்லை, மூடிதான் மூடவில்லை.

ஆகவே 250 மில்லி கண்ணாடி ஜாடி ஒன்று வாங்குங்கள். ரப்பர் வளையமும் கம்பிப் பூட்டும் உள்ளதாக இருக்கட்டும். நறுக்கிய புகையிலை 50 கிராம் அதில் தளர்வாகக் கொள்ளும். ஊறுகாய் இருந்த பாட்டிலைக் கழுவிப் பயன்படுத்துவது சரிப்படாது: கண்ணாடியில் வாசனை தங்காது, மூடிக்குள் இருக்கும் வளையத்தில் தங்கும். பெருங்காயம், கடுகெண்ணெய் எல்லாம் ஒரு வாரத்தில் இலைக்கு ஏறிவிடும். புது ஜாடியைக்கூட வெந்நீரில் கழுவி, கவிழ்த்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே நிரப்புங்கள். மூடி பிடிக்கிறதா என்று பார்க்க, வெற்று ஜாடியை மூடித் தண்ணீருக்குள் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். குமிழி வந்தால் அந்த ஜாடி பருப்புக்குப் போகட்டும்.

அடிக்கடி திறந்தால் ஈரம் போய்விடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டால் பயம் தீரும். 30 டிகிரி வெப்பத்தில், 65 சதவீத ஈரப்பதத்தில், 250 மில்லி காற்றில் இருக்கும் நீராவி ஏறக்குறைய 5 மில்லிகிராம். 50 கிராம் புகையிலைக்குள் இருக்கும் நீர் 6 கிராமுக்கு மேல். திறந்து, எடுத்து, மூடுவதால் ஒன்றும் ஆகாது. மூடியைச் சாத்தி மட்டும் வைத்துவிட்டுத் தூங்கப் போவதுதான் கெடுக்கும்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. முழு ஜாடியையும் பிடிக்கும் பதத்துக்குக் கொண்டுவர முயலாதீர்கள். டின்னிலிருந்து வரும் புகையிலை பெரும்பாலும் சற்று ஈரம் கூடியே வரும். ஜாடியில் அது அப்படியே இருக்கட்டும். அந்தச் சிறிது ஈரம்தான் மணத்தைக் காக்கிறது. அன்றைக்குப் பிடிக்கப்போகும் 2, 3 கிராமை மட்டும் வெளியே எடுத்து உலர்த்துங்கள். ஆபீஸுக்கு எடுத்துப்போவதென்றால் 100 மில்லி சிறு ஜாடி ஒன்றில் ஒரு வாரத்துக்கானது போதும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் "காகிதத்தில் பரப்பி அரை மணி நேரம் வையுங்கள்" என்று எழுதியிருக்கும். எழுதியவர் ஊரில் காற்று உலர்ந்திருக்கும். செம்பூர் பால்கனியில் ஜூலை மாதம் இதைச் செய்தால் அரை மணி நேரத்தில் புகையிலை இன்னும் ஈரமாகும். மின்விசிறி போட்டாலும் பயனில்லை, ஈரக் காற்றைத்தான் அது வேகமாகக் கொண்டுவந்து சேர்க்கும். ஏசி ஓடும் அறையில் தட்டில் மெல்லியதாகப் பரப்பி 20 முதல் 40 நிமிடம் வையுங்கள். ஏசி இல்லையென்றால் குண்டு பல்பு போட்ட மேசை விளக்குக்கு ஒரு சாண் கீழே தட்டை வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். சூடு ஏறினால் தட்டுக்கு மேலே உள்ள காற்றின் ஈரப்பதம் இறங்கும், அதனால்தான் விளக்கு வேலை செய்கிறது. எல்இடி விளக்குக்கு அந்தச் சூடு கிடையாது. மைக்ரோவேவ் ஒரு பக்கம் பொசுக்கி மறுபக்கம் பச்சையாக விடும், மணமும் பறந்துவிடும்.

பதம் பார்ப்பது கையால்தான். கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை எடுத்து, மூன்று எண்ணும்வரை அழுத்தி, விடுங்கள். உருண்டையாகவே ஒட்டிக் கிடந்தால் ஈரம். "சரக்" என்று நொறுங்கித் தூள் உதிர்ந்தால் அதிகம் காய்ந்துவிட்டது. அழுத்திய சிட்டிகை ஒரு கணம் தயங்கி, பிறகு மெல்ல விரிந்து இழை இழையாகப் பிரிய வேண்டும். விரலில் குளிர்ச்சி தெரியக் கூடாது. குளிர்ச்சி தெரிந்தால் ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது, பத்து நிமிடம் பொறுங்கள்.

கையை நம்பப் பழகும்வரை 0.1 கிராம் காட்டும் சிறு டிஜிட்டல் தராசு துணைக்கு இருக்கட்டும். புது டின்னில் 10 கிராம் நிறுத்து, சரியான பதம் வரும்வரை உலர்த்தி, மறுபடி நிறுங்கள். 9.4 வந்தால் அந்தக் கலவைக்கு 6 சதவீத எடை இறங்க வேண்டும் என்று பொருள். ஜாடியின் மேல் அதை எழுதி ஒட்டிவிட்டால் அடுத்த டின்னுக்கும் உதவும். வாசனை ஏற்றிய கலவைகளில் ஒரு சிக்கல் உண்டு. அவற்றில் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்த்திருப்பார்கள். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். விளக்கடியில் எவ்வளவு வைத்தாலும் பிசுபிசுப்பு போகாது. எடை இறங்குவது நின்றுவிட்டதென்றால் அதற்கு மேல் உலர்த்தாதீர்கள்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? ஈரப் புகையிலை எரியும்போது நீர் ஆவியாகி, பைப்பின் தண்டில் குளிர்ந்து, களகளவென்று சத்தம் போடும். அணைந்து அணைந்து போவதால் திரும்பத் திரும்பப் பற்றவைத்து வேகமாக இழுப்பீர்கள். சூடான நீராவி நாக்கை எரிக்கும். சர்க்கரை அதிகமுள்ள வர்ஜீனியா இலையில் இந்த எரிச்சல் கூடுதல். புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் அடியில் சேறு போல மிச்சம் நின்றால் ஈரம் என்று உறுதியாகச் சொல்லலாம். காய்ந்த புகையிலை மறுகோடி: பொசுக்கென்று எரிந்து கிண்ணம் கொதிக்கும், ருசி தட்டாது.

ஆபீஸ் டிராயரில் சருகானதை மீட்க முடியும். அகல் விளக்கு ஒன்று புதிதாக, எண்ணெய் படாததாக வாங்கி உடைத்து, இரண்டு விரல் அகலத் துண்டை ஆறிய வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, துணியால் நன்றாகத் துடையுங்கள். அலுமினியத் தாளில் சின்னக் கிண்ணம் போல மடித்து, அதில் அந்த ஓட்டுத் துண்டை வைத்து, ஜாடிக்குள் புகையிலையின் மேல் நிறுத்தி மூடுங்கள். ஓடு இலையில் படக் கூடாது. 8 சதவீதத்துக்கு வற்றிய 40 கிராம் புகையிலை 13 சதவீதத்துக்கு வர 2.3 கிராம் நீர்தான் தேவை, அரை டீஸ்பூனுக்கும் குறைவு. ஆகவே ஒரு நாளுக்கு ஒருமுறை ஓட்டுத் துண்டை எடுத்துவிட்டுப் புகையிலையின் எடை பாருங்கள். 42.3 கிராம் வந்ததும் ஓட்டுத் துண்டை எடுத்து, கிளறி, இன்னும் ஒரு நாள் மூடி வையுங்கள், ஈரம் சமமாகப் பரவும். தண்ணீரை நேரடியாகத் தெளித்தால் தெளித்த இடத்தில் பூசணம் பிடிக்கும்.

ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்கு, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அவை ஈரம் தரும், கூடவே பூசண வித்தையும் அதற்கான உணவையும் தரும். ஈரத்தை எந்த அளவில் நிறுத்துவது என்பதும் அவற்றுக்குத் தெரியாது. பொவேடா போன்ற ஈரப்பதப் பாக்கெட்டுகள் இருபுறமும் வேலை செய்யும், கூடினால் உறிஞ்சும், குறைந்தால் கொடுக்கும். 62 அல்லது 65 என்று அச்சிட்டதை எடுங்கள், சுருட்டுக்கான 69 வேண்டாம். ஃபிரிட்ஜ் விஷயத்தில், ஜாடியை வெளியே எடுத்துத் திறந்த உடனே மும்பைக் காற்று குளிர்ந்த இலைமேல் நீராகப் படியும். மிளகாய்ப் பொடி அலமாரியிலிருந்தும் ஜன்னல் வெயிலிலிருந்தும் தள்ளி, மர அலமாரியின் இருட்டே போதும்.

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சு போல வெள்ளையோ பச்சையோ சாம்பலோ படர்ந்து, மக்கிய வாடை அடித்தால் பூசணம். இலையோடு ஒட்டி, வெளிச்சத்தில் மினுமினுக்கும் பரல்கள் பெரும்பாலும் இலையிலிருந்து வரும் படிகங்கள்தான், வாடை மாறியிருக்காது. பூசணமென்றால் பிடித்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். அதன் புகை நுரையீரலுக்குப் போகும். முழு ஜாடியையும் கொட்டி, ரப்பர் வளையத்தை மாற்றிவிடுங்கள்.

மிளகாய்ப் பொடியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கொத்தமல்லியிலும் மஞ்சளிலும் சிறு துளை போட்டு வரும் பழுப்பு வண்டு, புகையிலையைத் தின்னும் அதே வண்டுதான். இலையில் ஊசித் துளையும் மாவு போலத் தூளும் கண்டால் ஜாடியோடு அப்புறப்படுத்துங்கள், பக்கத்து மசாலா டப்பாக்களையும் திறந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு வேலை. வாங்கிய டின்னில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் இருக்கும், ஜாடிக்கு மாற்றியதும் அது போய்விடுகிறது. சமையலறைப் பாட்டில் போலத் தெரியும் ஜாடியைக் குழந்தை திறக்கலாம், சில கிராம் தின்றாலே நிகோடின் விஷமாகிவிடும். கலவைப் பெயர், திறந்த தேதி, இறங்க வேண்டிய எடை, இவற்றோடு "புகையிலை" என்றும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.