தட்டுகளை நிற்க வையுங்கள்

கேள்வி: அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். போன தடவை பார்த்துப் பார்த்து அடுக்கியும் பீங்கான் தட்டுகளில் பாதி உடைந்துவிட்டன. இந்த முறை ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்துத்தான் வண்டியில் ஏற்ற முடியும் என்கிறார்கள். ஏற்றலாமா?
– ஒரு வாசகி

பதில்: நானும் 11 வீடு மாறியவள். அம்மா கொடுத்த ஆறு தட்டில் நான்கைப் பறிகொடுத்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்திருப்பீர்கள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மேலே உள்ள அத்தனை கனமும் அடித்தட்டின் மேல்தான் விழும். பழைய துண்டை நான்காக மடித்துப் பெட்டியின் அடியில் போடுங்கள். தட்டுகளைத் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, விளிம்பு கீழே இருக்க, நெருக்கி நிறுத்துங்கள். செய்தித்தாளின் மை பீங்கானில் ஒட்டிக்கொள்ளும். முதல் சுற்றுக்கு வெள்ளைக் காகிதம் நல்லது. பெட்டியை மூடிவிட்டு மெல்ல ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று கேட்டால் திறந்து, இடுக்குகளில் கசக்கிய காகிதத்தைத் திணியுங்கள்.

ஃப்ரிட்ஜையும் நிற்க வைத்தே ஏற்றச் சொல்லுங்கள். பிடிவாதமாகச் சொல்லுங்கள். கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. படுக்க வைத்தால் அது குழாய்களுக்குள் போய்விடும். வேறு வழியே இல்லை என்றால், புது வீட்டில் நிமிர்த்தி வைத்து ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு, அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். கிளம்புவதற்கு முதல் நாளே அணைத்து, பனி உருகியதும் உள்ளே ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.

முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின் வைத்திருக்கிறீர்களா? வாங்கிய அன்று பின்னாலிருந்து கழற்றிய போல்ட்டுகளைத் தேடி எடுத்து மாட்டுங்கள். வழியில் டிரம் ஆடாமல் பிடிப்பவை அவைதான்.

புத்தகங்களுக்குச் சின்னப் பெட்டி போதும். பெரிய பெட்டியில் நிரப்பினால் தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். கட்டிலைக் கழற்றியதும் திருகுகளை ஒரு பையில் போட்டு, அந்தக் கட்டில் சட்டத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை மூடியில் எழுதாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் மூடி எங்கே தெரியப்போகிறது? பக்கவாட்டில், இரண்டு பக்கமும் எழுதுங்கள். மருந்து, பத்திரங்கள், சார்ஜர் எல்லாம் உங்கள் தோள்பையில் வரட்டும். கத்தரிக்கோலும் அதிலேயே இருக்கட்டும். போய் இறங்கியதும் முதலில் தேடுவது அதைத்தான்.