அம்மாவுக்குக் கொடுக்காத இலை

கேள்வி: நான் பயோடெக்னாலஜியில் பிஎச்.டி. ஐந்தாம் வருடம். சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்கு ஓர் இலையின் சாற்றை 28 நாள் கொடுத்துப் பார்ப்பது என் ஆய்வு. சாறு கொடுத்த ஆறு எலிகளில் நான்குக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியது. இரண்டுக்கு அசையவே இல்லை, கடைசி நாளிலும் 300க்கு மேல். ஆறையும் சேர்த்தால் 'சிக்னிஃபிகன்ட்' வரவில்லை, அதாவது இறங்கியது தற்செயல் இல்லை என்று புள்ளியியல்படி சொல்ல முடியவில்லை. "அது ரெண்டும் அவுட்லையர்ம்மா, எடுத்துடு" என்கிறார் கைடு; மற்றதோடு சேராத எண் என்று கணக்கிலிருந்து விடச் சொல்கிறார். எடுத்தால் நல்ல ஜர்னலில் பேப்பர் வரும், தீசிஸ் முடியும். ஃபெலோஷிப் நின்று ஏழு மாதமாகிறது. அப்பா தறி ஓட்டுகிறவர். என் படிப்புக்காக வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. தங்கைக்கு வரன் பார்க்கிறோம். அம்மாவுக்கும் பத்து வருடமாகச் சர்க்கரை. "உன் இலையையே எனக்கும் அரைச்சுக் கொடேன்" என்று கேட்டார், அதெல்லாம் வேண்டாம், மாத்திரையை விடாதே என்று சொல்லிவிட்டேன். எங்கள் துறையில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். குற்ற உணர்ச்சி இல்லாமல் இதை எப்படிக் கடப்பது?

— பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்.

பதில்: இலையின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். நான்தான் வெட்டினேன். அது அச்சில் வந்தால் மறுநாள் காலையிலேயே யாராவது வேலியோரம் போய்ப் பறித்து மிக்ஸியில் அடித்துக் குடிப்பார். நம் ஊர் அப்படி.

குற்ற உணர்ச்சி போக வழி கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். அது இருப்பதால்தான் கடிதம் எழுதினீர்கள், இல்லையென்றால் இந்நேரம் பேப்பரை அனுப்பியிருப்பீர்கள்.

கைடு, ஃபெலோஷிப், கடன், தங்கை என்று வரிசையாக எழுதி வந்தவர், நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அம்மா இலையைக் கேட்டார், நீங்கள் கொடுக்கவில்லை. கடிதத்தில் எனக்கு வேண்டிய வரி அது ஒன்றுதான்.

ஏன் கொடுக்கவில்லை? நான்கு எலிக்கு இறங்கியதே, அம்மாவுக்கும் இறங்கலாமே. ஆனால் அம்மா என்று வந்தவுடன் இறங்காத இரண்டும் உங்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. மாத்திரையை விடாதே என்று சொன்னது ரொம்பச் சரி, நல்ல மகள் அப்படித்தான் சொல்லுவாள். அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் அம்மாவுக்கு ஆறு எலிக் கணக்கு, ஊரில் இருக்கிற மற்ற அம்மாக்களுக்கு நாலு எலிக் கணக்கா? என்னம்மா நியாயம் இது?

எலி ஆய்வுதானே, யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைக்கலாம். படிக்க மாட்டார்கள்தான். எத்தனை எலி, எத்தனை நாள் என்று எவரும் பார்க்கப் போவதில்லை. "வெளிநாட்டு ஜர்னலே ஒத்துக்கொண்ட மூலிகை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும், பொடி பாக்கெட்டாகும், லேபிளில் 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்று இருக்கும். என் பெரியம்மா அப்படி ஒரு பாக்கெட்டை நம்பி மாத்திரையை நிறுத்தினார். நாலு மாதம். காலில் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை, இரண்டு விரலை எடுத்தார்கள். கடைசிவரை அவர் கடைக்காரரைத் திட்டவில்லை. "படிச்சவங்க எழுதுனதுதானே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி அந்த இரண்டு எலி. எலியை ஆய்விலிருந்து எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எலிக்குச் சர்க்கரை வரவழைக்கப் போடுகிற ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி எல்லா எலிக்கும் ஒரே மாதிரி பிடிக்காது என்பது உங்களுக்கே தெரியும். ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்து வாலில் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறீர்கள், 250ஐத் தாண்டாத எலியைச் சேர்ப்பதில்லை என்று முன்கூட்டியே வைத்துக்கொள்கிறீர்கள். அது முறை. சாறு கொடுக்கும் முன்பே வைத்த விதி, எந்த எலிக்குச் சாதகம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 28ஆம் நாள் விடையைப் பார்த்துவிட்டு, பிடிக்காத விடை சொன்ன எலியை மட்டும் தூக்குவது வேறு. இன்னொன்றும் யோசியுங்கள். இந்த ஊசியில் சில எலிகள் எந்த மருந்தும் இல்லாமல் தானாகவே தேறிவிடும். உங்கள் நான்கில் அப்படி ஒன்று இருந்தால்? அதை அவுட்லையர் என்று கைடு சொன்னாரா? இறங்கினால் மருந்து, இறங்காவிட்டால் அவுட்லையர் என்றால் எதற்கு எலி, தரையில் உட்கார்ந்து சோழி உருட்டியிருக்கலாமே.

விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று 2010இல் ஒரு நெறிமுறை வந்தது, அரைவ் என்பார்கள். 2020இல் திருத்தினார்கள். ஒவ்வொரு குழுவிலும் எந்த விலங்கைச் சேர்க்கவில்லை, ஏன், அந்த விதி முன்பே வைத்ததா என்று எழுதச் சொல்கிறது. ஆகவே கைடிடம் சண்டை போட வேண்டாம். மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "எடுத்துடலாம் சார். 'சர்க்கரை இறங்காததால் இரண்டு எலிகளை நீக்கினோம்' என்று மெத்தட்ஸில் ஒரு வரி எழுதிடட்டுமா?" அவர் முகத்தைப் பாருங்கள். எழுதலாம் என்றால் எழுதுங்கள், மிச்சத்தை ஜர்னலுக்காகப் பேப்பரைச் சரிபார்க்கிற ரெவ்யூவர் பார்த்துக்கொள்வார். எழுத முடியாது என்றால் எலியையும் எடுக்க முடியாது.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு கதை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம். கட்டியின் மரபணுக்களைப் பார்த்தே எந்தக் கீமோ மருந்து கேட்கும் என்று சொல்லிவிடலாம் என 2006இல் நேச்சர் மெடிசின் ஜர்னலில் பேப்பர் வந்தது. முக்கிய ஆய்வாளர் அனில் பொட்டி, நம் வேலூர் சி.எம்.சி.யில் எம்.பி.பி.எஸ். படித்தவர். அதை நம்பிப் புற்றுநோயாளிகளிடமே மருந்துச் சோதனை தொடங்கிவிட்டார்கள். அவர் ஆய்வகத்தில் பிராட்ஃபோர்ட் பெரெஸ் என்று ஒரு மருத்துவ மாணவர். கணிப்புக்கு ஒத்துவராத மாதிரிகளைக் கணக்கிலிருந்து எடுத்திருப்பதைக் கவனித்து, 2008இல் எழுதிக் கொடுத்தார். அதேதான், உங்கள் இரண்டு எலி. பெரியவர்கள் பக்குவமாகப் பேசி அவர் வாயை அடைத்தார்கள். அவரோ பேப்பர்களிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டு, வேறு இடத்தில் ஒரு வருட ஆய்வைத் திரும்பவும் செய்தார். ஹூஸ்டனில் பேகர்லி, கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் அதே எண்களைத் தோண்டிப் பார்த்தபோது மரபணுப் பட்டியலே ஒரு வரிசை தள்ளி நின்றது, ஒன்றின் எண்ணுக்கு நேரே பக்கத்து மரபணுவின் பெயர். 2010இல்தான் சோதனைகள் ஒரேயடியாக நின்றன. பொட்டியின் ஆய்வில் பொய்யான தரவு இருந்தது என்று அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் 2015இல் சொன்னது. மாணவர் எழுதிக் கொடுத்த 2008க்கும் 2010க்கும் நடுவில் அங்கே படுத்திருந்தவர்களும் யாருடைய அம்மாவோ அப்பாவோதான்.

'எல்லோரும் செய்கிறார்கள்' என்பதற்கு அதிக நேரம் தர மாட்டேன். எலிசபெத் பிக் என்பவர் குழுவாக உட்கார்ந்து 20,621 பேப்பர்களின் படங்களைப் பார்த்து 2016இல் எழுதினார். ஒரே படத்தைத் திரும்பப் போட்ட கோளாறு 100க்கு நாலில்கூட இல்லை. படத்தை மட்டும் பார்த்த கணக்கு அது, சரி. ஆனாலும் 'எல்லோரும்' என்பது உங்கள் லேபின் நாலு சுவருக்குள் இருக்கிற எல்லோரும். இன்னொன்று, காப்பியைப் பிடிக்கிற டர்னிடின் மென்பொருளில் 10 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் நேர்மை முடிந்தது என்று நினைக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. காணாமல்போன எலியை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது.

அப்பாவுக்கு வருகிறேன். தப்பு செய்யப் போகும்போது அப்பாவின் கடனைத் துணைக்கு இழுப்பதைப் போல எனக்கு ஆகாத விஷயம் வேறில்லை. அவரைக் கேட்டீர்களா? அவருக்கு இதெல்லாம் புரியாது என்று நினைக்கிறீர்கள். "ஆறு சேலையில் ரெண்டு சாயம் போகுதுப்பா, அதை மறைச்சிட்டு நாலை மட்டும் காட்டி ஆர்டர் வாங்கப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். புரியும். வீட்டுப் பத்திரம் பணப் பிரச்சினை, அதைப் பணப் பிரச்சினையாகவே பாருங்கள். கௌரவ விரிவுரையாளர் வேலையோ, டியூஷனோ, மாலையில் நாலு பிள்ளைகளுக்கு நீட் உயிரியலோ. வீட்டுக் கடனை அடைக்க வேண்டியது மூத்த பிள்ளையின் கடமை, அதில் நான் பழைய ஆள்தான். ஆனால் அதை அடைக்க எலி வராது. தங்கை கல்யாணத்துக்கு அக்காவின் பேப்பர் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வேலையைப் பாருங்கள். யூஜிசி 2022இல் கொண்டுவந்த விதியில், தீசிஸ் கொடுக்க ஜர்னல் பேப்பர் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்கு வைத்திருக்கலாம், நீங்கள் பதிந்தது பழைய விதியிலும் இருக்கலாம். சீனியர் சொன்னதை நம்பாமல் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆறு எலியின் எண்ணையும் தனித்தனிப் புள்ளியாக வரைந்து அடுத்த டிசி மீட்டிங்கில், அதாவது உங்கள் ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டி முன் வையுங்கள். வெளி உறுப்பினர் ஒருவராவது 'ஏன் இரண்டுக்கு மட்டும் இறங்கவில்லை' என்று கேட்பார். அதுதான் நல்ல ஆய்வுக் கேள்வி, உங்கள் தீசிஸில் இதுவரை வந்ததிலேயே. விலங்கு நெறிமுறைக் குழுவிடம் கேட்டு இன்னொரு முறை செய்ய முடிந்தால், விதியை முதலில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆறு மாதம் போகும். போகட்டும். நோட்டுப் புத்தகத்தை இன்று ராத்திரியே பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வையுங்கள். சந்தேகப்படச் சொல்லவில்லை, ஆனால் நோட்டுகள் தொலைகிற வழக்கம் நம் கல்லூரிகளில் உண்டு.

அப்புறம், அம்மாவுக்குக் கடைசியாக எச்.பி.ஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, எப்போது பார்த்தீர்கள்? எலியின் சர்க்கரை நாள்வாரியாக எழுதியிருக்கிறீர்கள், அம்மாவுடையது ஓரிடத்திலும் இல்லை. பார்த்து மூன்று மாதம் தாண்டியிருந்தால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.