தீபாவளியை விடுங்கள், பொங்கல் வையுங்கள்

ஜெர்மனியில் டார்ட்முண்டுக்குப் புதிதாக வந்த தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். நாலு வயது மகனின் கிண்டர்கார்டனில், "உங்கள் ஊர்ப் பண்டிகை ஒன்றைப் பிள்ளைகளோடு கொண்டாட வாருங்கள்" என்று ஆசிரியை கூப்பிட்டிருக்கிறாராம். தீபாவளிக்கு என்ன பலகாரம் செய்வது, மத்தாப்பு கொளுத்தலாமா, பட்டுச்சேலை கட்டினால் ஒருமாதிரி பார்ப்பார்களா, அரைகுறை ஜெர்மனில் எப்படி விளக்குவது என்று கேள்விகள். கூடவே அம்மாவை அழைத்துவர விசா விவரமும் வேண்டுமாம்.

சேலை கட்டுங்கள், ஒன்றும் ஆகாது. மற்றதற்கு வருகிறேன்.

முதலில் பலகாரம். முந்திரி, பாதாம், பிஸ்தா, நிலக்கடலை எதுவும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. தூளாகக்கூட வேண்டாம். இங்கே ஒவ்வாமை தரும் பொருள் என்று சட்டப்படி குறிப்பிட்டுக் காட்ட வேண்டியவை 14 வகை. கொட்டைகள், நிலக்கடலை, எள், கடுகு, பால், கோதுமை எல்லாம் அதில் வருகின்றன. அதாவது நம் அஞ்சறைப் பெட்டியிலும் பலகாரத் தூக்கிலும் பாதி. எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்று ஆசிரியையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். போட்ட சாமான் அத்தனையும் ஒரு தாளில் ஜெர்மனில் எழுதி மூடியில் ஒட்டுங்கள்.

2001இல் நான் வந்தபோது இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. அந்தத் தீபாவளிக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து லட்டு பிடித்து, மகளிடம் டப்பாவில் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் டப்பா அப்படியே திரும்பி வந்தது, மேலே நாலு வரித் துண்டுச்சீட்டோடு. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கொட்டை ஒவ்வாமை, வீட்டில் செய்ததைச் சொல்லாமல் வாங்க முடியாது, நன்றி, வாழ்த்துகள். அந்த "வாழ்த்துகள்"தான் எனக்குத் தாங்கவில்லை. நேரில் பார்க்கும்போது நாலு வார்த்தை பேசினால் என்ன? இன்றைக்கும் இந்த ஊர்க்காரர்களிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று இந்தச் சீட்டுப் பழக்கம். சலவை அறை முறையானாலும் சரி, படிக்கட்டு கழுவும் முறையானாலும் சரி, ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

மத்தாப்புக்கு வருவோம். ஜெர்மனியில் பட்டாசு பொதுமக்களுக்கு விற்பதே டிசம்பர் கடைசி மூன்று நாள்தான். வெடிக்கலாம் என்பது 31ஆம் தேதியும் ஜனவரி 1ஆம் தேதியும். தீபாவளிக்கு வெடிக்க வேண்டுமென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். கம்பி மத்தாப்பு மட்டும் ஆண்டு முழுக்கக் கிடைக்கும், ஆனால் அது 12 வயதுக்கு மேல். நாலு வயதுக் கூட்டத்துக்கு நடுவே நீங்கள் மத்தாப்பைப் பற்ற வைத்தால் ஆசிரியைக்கு மயக்கம் வந்துவிடும். வீட்டிலும் கவனம். எல்லா வீட்டிலும் கூரையில் புகை உணரும் கருவி கட்டாயம். முறுக்கு எண்ணெய் கொஞ்சம் அதிகமாகக் காய்ந்தால் போதும், கட்டடமே எழுந்துவிடும்.

இதைவிடப் பெரிய சங்கடம் கதையில் இருக்கிறது. ஏன் தீபாவளி என்று பிள்ளைகள் கேட்பார்கள். நரகாசுரனைக் கொன்ற நாள் என்பீர்கள். கொன்றது யார் என்பார்கள். சத்யபாமாவாக வந்த பூமாதேவி, அவனுடைய அம்மாதான் என்று அரைகுறை ஜெர்மனில் நாலு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள்! மறுநாள் எத்தனை அம்மாக்கள் உங்களைத் தேடி வருகிறார்கள் என்று தெரியும். போதாததற்கு நவம்பர் 11 மார்ட்டின் திருநாள். அதற்காக அக்டோபரிலிருந்தே பிள்ளைகள் காகித விளக்கு ஒட்டிக்கொண்டு, ஊர்வலப் பாட்டு பாடிக்கொண்டு இருப்பார்கள். அங்கே போய் நாம் அகல் விளக்கு காட்டினால், "எங்களிடமும் இருக்கிறதே" என்று தங்களுடையதைத் தூக்கிக் காட்டுவார்கள்.

அதனால் என் கட்சி பொங்கல். ஜனவரி நடுவில் இந்த ஊரில் ஒன்றுமே இருக்காது. கிறிஸ்துமஸ் மரம் தெருவோரம் கிடக்கும், பனியும் சரியாகப் பெய்யாது, காலை எட்டரைக்குத்தான் சூரியனே வரும். (சூரியனைப் பார்த்துப் பொங்கல் வைப்பதற்குள் பள்ளி மணி அடித்துவிடும் என்பது வேறு விஷயம். உங்கள் பையன் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் பண்டிகைக்கு விடுப்பு வேண்டுமானால் முன்னதாகவே எழுதிக் கேளுங்கள், அன்று காலை போன் செய்யாதீர்கள்.) அந்த இருட்டு மாதத்தில் யாராவது வந்து ஏதாவது செய்தால் போதும் என்று ஆசிரியைகளே காத்திருப்பார்கள். கதையும் சுருக்கம். சூரியனுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் நன்றி, அறுவடை முடிந்தது, புது அரிசி. என் அப்போதைய ஜெர்மனுக்கே அது போதுமாக இருந்தது.

சாப்பாட்டிலும் வம்பில்லை. பாலில் வேகவைத்த அரிசியில் சர்க்கரையும் பட்டைத்தூளும் போட்டு, மில்ஷ்ரைஸ் என்று இந்த ஊர்ப் பிள்ளைகள் சின்னதிலிருந்தே சாப்பிடுகிறார்கள். ஏலக்காய் வாசம் கிறிஸ்துமஸ் பிஸ்கட்டில் பழகியதுதான். முந்திரியை விட்டுவிட்டுத் திராட்சை மட்டும் நெய்யில் பொரித்துப் போடுங்கள். பச்சைக் கற்பூரம் கிள்ளிக்கூடப் போடாதீர்கள்.

பானையை அவர்கள் சமையலறைக் கண்ணாடி அடுப்பில் வைக்காதீர்கள். பால் பொங்கினால் துடைத்துவிடலாம். வெல்லப்பாகு பொங்கி ஆறிவிட்டால் சுரண்டும்போது கண்ணாடியும் சேர்ந்து பெயரும், அதற்கான பில் உங்கள் வீட்டுக்கு வரும். ஒற்றைத் தட்டு மின்சார அடுப்பு ஒன்று வாங்கி, அதை பேக்கிங் தட்டின் மேல் வைத்துப் பாலைப் பொங்க விடுங்கள். வெல்லம் போடுவதெல்லாம் பால் பொங்கி முடிந்த பிறகு, தணலைக் குறைத்து.

இந்த வழியைக் காட்டியது எங்கள் தெருவில் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து அக்கா. எண்பதுகளில் கைப்பையோடு வந்து இறங்கியவர். லட்டு டப்பா கதையைச் சொல்லி நான் அழுதபோது, "பிள்ளை, நீர் அவையளுக்குக் காட்டிக்கொண்டு நிக்காதையும். சாமானை அவையின்ர கையில குடும்" என்றார். அடுத்த தையில் நான் அப்படியே செய்தேன். ஆளுக்கொரு வெல்லத் துண்டு கொடுத்தேன். முகர்ந்தார்கள், நக்கினார்கள், ஒருத்தி பைக்குள் ஒளித்துக்கொண்டாள். பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்ட இரண்டு பேருக்குள் அடிதடி. பிறகு கொஞ்சம் தள்ளி அரைவட்டமாக உட்கார வைத்தோம். மின்சார அடுப்பில் பால் சீக்கிரம் காய்கிறதா என்ன? ஒரு பையன் தரையில் குப்புறப் படுத்து, தாடையைக் கையில் ஊன்றிக்கொண்டு பானையையே பார்த்தான். ஓரத்தில் நுரை கட்டியது, ஆடை நடுவில் உப்பியது, சட்டென்று வழிந்து தட்டில் சுர்ரென்று விழுந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று நான் கத்த, கற்றுக்கொடுத்த எதுவும் ஞாபகமில்லாமல் ஆளுக்கொரு விதமாக அலறினார்கள். குப்புறப் படுத்திருந்தவன் மட்டும் எழுந்து கேட்டான்: "இதை யார் துடைப்பது?" ஜெர்மன்காரப் பிள்ளை!

கோலம் போட ஆசையிருந்தால் கறுப்பு அட்டையும் சாக்கட்டியும் கொண்டு போங்கள். புள்ளியை நீங்கள் வையுங்கள், கோட்டை அவர்கள் இழுக்கட்டும், எப்படிக் கோணினாலும் திருத்தாதீர்கள். ஜனவரி 6ஐ ஒட்டி மூன்று ராஜா வேடமிட்ட பிள்ளைகள் வீடு வீடாக வந்து நிலைப்படி மேலே ஆண்டையும் மூன்று எழுத்தையும் சாக்கட்டியால் எழுதிப் போவார்கள். நாங்கள் கீழே போடுகிறோம் என்றால் உடனே புரிந்துவிடும். வாடகை வீட்டுப் படிக்கட்டில் மட்டும் அரிசி மாவு வேண்டாம். சீட்டு வரும்.

போட்டோ எடுக்காதீர்கள். பெற்றோர் சம்மதமில்லாமல் அடுத்தவர் பிள்ளையைப் படமெடுப்பது இங்கே பெரிய குற்றம்போல. நம்மவர்களுக்கு இது ஏறவே ஏறாது. பொங்கல் பொங்குவதற்கு முன்பே ஸ்டேட்டஸில் ஏறிவிட வேண்டும்.

நம்மவர் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சீக்கிரமே உங்களை ஏதாவது வாட்சாப் குழுவில் சேர்ப்பார்கள், மண்டபம் பிடித்துத் தீபாவளி விழா என்பார்கள். மேடையில் வரவேற்புரை, சினிமா டான்ஸ், நன்றியுரை, பிரியாணி வரிசை. பிள்ளைகள் மூலையில் டேப்லெட்டோடு. "நம்ம கல்ச்சர் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரணும்" என்று மைக்கில் பேசுகிறவர் வீட்டுக்கு ஒரு ஜெர்மன் பிள்ளை விளையாட வந்திருக்காது. போய்விட்டு வாருங்கள், பிரியாணி நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்காகக் கிண்டர்கார்டன் அழைப்பைத் தட்டாதீர்கள்.

வீட்டுக்குக் கூப்பிடுவதானால் முடியும் நேரத்தையும் எழுதுங்கள், மூன்றிலிருந்து ஐந்து வரை என்று. மூன்று மணிக்கு மணி அடிப்பார்கள், ஐந்துக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பார்கள். "இன்னும் கொஞ்சம் இருங்களேன்" என்று உபசரித்தால் குழம்பிப்போவார்கள். ஜெல்லி மிட்டாய் கொண்டுவந்தால், சைவக்காரர் என்றால் ஜெலட்டின் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்குக் கல்யாண வயது ஆகிவிட்டது. அவளோடு படித்த ஒருத்தி இப்போது பக்கத்து ஊரில் கிண்டர்கார்டன் ஆசிரியை. தை பிறந்தால் என் அடுப்பை இரவல் கேட்டு வருகிறாள், வெல்லம் எந்தக் கடையில் நல்லது என்று எனக்கே சொல்கிறாள்.

அம்மா விசாவுக்கு, அவர் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று நீங்கள் தரும் உறுதிமொழிப் பத்திரம், குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு வேண்டும். மீதியைத் தூதரக இணையப் பக்கத்தில் பாருங்கள், எனக்கு அந்தப் படிவங்களைப் பற்றிப் பேசவே பிடிக்காது. ஒன்று மட்டும்: ஜனவரியில் கூட்டி வராதீர்கள், பாவம், ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மே கடைசிக்கு மேல் வரச் சொல்லுங்கள். ஹாம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேர் அப்போதுதான் ஓடும், உங்கள் ஊரிலிருந்து ரயிலில் பக்கம்தான்.