17 வயதுப் பிள்ளை கர்ப்பமாக இருக்கிறாள். மிட்வைஃபிடம் சொன்னால் பிரச்சினை வருமா?

நீங்கள் எழுதியதில் இருந்து நான் விளங்கிக்கொண்டது இது: தங்கையின் மகளுக்கு 17 வயது, வயிற்றில் மூன்று மாதம். தங்கை குவைத்தில், பிள்ளை அம்மம்மாவோடு மட்டக்களப்புப் படுவான்கரையில். கல்யாணம் பதியவில்லை. மிட்வைஃபிடம் சொன்னால் பொலிசுக்குப் போகுமோ, ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து, இன்னும் கொஞ்ச நாள் பேசாமல் இருக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இருக்க வேண்டாம். இந்தக் கிழமையே சொல்லுங்கள்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது நீங்கள் சொல்லும் அந்த மிட்வைஃபாகத்தான், வேலை செய்கிறேன். கர்ப்பவதியைப் பதிய கல்யாணப் பதிவு தேவையில்லை. நாங்கள் கேட்பது கடைசி மாதவிடாய்த் திகதி, முன்பு இருந்த வருத்தங்கள், வீட்டில் யார் துணை என்பவற்றைத்தான். எட்டு வாரத்துக்குள் பதிவது நல்லது. உங்கள் பிள்ளைக்கு அது தாண்டிவிட்டது. அதனால்தான் இந்தக் கிழமையே என்கிறேன்.

அவசரத்துக்குக் காரணம் அவளுடைய வயது. 17 வயது உடம்புக்குத் தன் வளர்ச்சிக்கே இரும்புச்சத்தும் கல்சியமும் வேண்டும், இப்போது இரண்டு பேருக்கு வேண்டும். இந்த வயதில் இரத்தச்சோகை, பிரஷர் கூடுவது, மாதம் நிறையாமல் பிறப்பது, நிறை குறைந்த பிள்ளை எல்லாம் மற்றத் தாய்மாரை விட அதிகம். பிரஷர் பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பிறகுதான் ஏறத் தொடங்கும், ஆரம்பத்தில் ஒரு அறிகுறியும் காட்டாது. தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்று கிளினிக் புத்தகத்தில் எழுதியிருந்தால்தான் பிறகு கூடியதைக் கண்டுபிடிக்கலாம். பதிந்தால் இரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி, சிபிலிஸ், எச்.ஐ.வி. எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். இந்த எச்.ஐ.வி. சோதனையைக் கேட்டுச் சில வீடுகளில் குழம்புகிறார்கள். இலங்கையில் எல்லாக் கர்ப்பவதிகளுக்கும் அதைச் செய்கிறோம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் எங்களை அங்கீகரித்ததும் அதனால்தான்.

சரி, பொலிஸ். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் அவள் சம்மதித்தாளா என்ற கேள்வியே சட்டத்தில் இல்லை, அது குற்றம்தான், வைத்தியசாலை அறிவிக்கும். உங்கள் பிள்ளை 16ஐத் தாண்டிவிட்டாள். அவளின் விருப்பத்தோடு நடந்ததென்றால் வயதுக்காக மட்டும் யாரும் யாரையும் பிடித்துப் போவதில்லை. ஆனாலும் 18 ஆகாததால் வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரியையோ நன்னடத்தை அதிகாரியையோ சந்திக்கச் சொல்லலாம். அதற்குப் பயப்பட வேண்டாம்.

மிட்வைஃப் அவளோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்றால் நீங்களும் அம்மம்மாவும் எழும்பி வெளியே போய்விடுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் உண்மையைச் சொல்லாது. வற்புறுத்தல் நடந்திருந்தால் அவள் அதைச் சொல்லக் கிடைக்கும் முதல் இடம் அதுவாக இருக்கலாம். 1929க்கு எடுத்தும் சொல்லலாம், அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

அவசரப்பட்டுக் கல்யாணம் எழுத ஓடாதீர்கள். பொதுச் சட்டத்தில் 1995இல் இருந்து 18 வயதுக்கு முன் பதிய முடியாது. பிள்ளை பிறந்த பிறகு தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டால், கல்யாணப் பதிவு இல்லாமலே பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரைப் போடலாம்.

ஊருக்குத் தெரியும் என்ற பயம் எனக்கு விளங்குகிறது. வாசலில் எங்கள் ஸ்கூட்டர் நின்றால் பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் தலை எட்டிப் பார்க்கும், உண்மைதான். ஆனால் நாங்கள் பச்சைப் பிள்ளை பார்க்கவும், நிறை பார்க்கவும், திரிபோஷா சத்துமா விஷயமாகவும் எல்லா வளவுக்கும்தான் போகிறோம். அதுவும் வேண்டாம் என்றால் முதலில் கிளினிக்கில் சந்திக்கிறேன் என்று போனில் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை தாய்வழி வீட்டிலேயே இருப்பது பெரிய உதவி. மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் முகவரி மாறி, தேடிப் பிடிக்க முடியாமல் போவது குறைவு. பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரம் வீட்டுக்கு வருவோம். அந்த நேரத்தில் அம்மம்மாவின் கைதான் எங்களுக்குப் பலம்.

ஒன்றை மனம் நொந்துதான் எழுதுகிறேன். எங்கள் ஆட்களிலும் சிலர் இந்தப் பிள்ளைகளிடம் கடுமையாக நடக்கிறார்கள். பிரசவ வலியில் கத்திய ஒரு பிள்ளையிடம், "அப்ப இனிச்சுது, இப்ப நோகுதோ?" என்று ஒரு தாதி கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு ஒரு சத்தமும் போடவில்லை, நோவு கூடியதைக்கூடச் சொல்லவில்லை. இரத்தம் போனாலும் இவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஏசினால் திருந்துவார்கள் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஏச்சு வாங்கிய பிள்ளை அடுத்த கிளினிக்குக்கு வராது. குடும்பக் கட்டுப்பாடு கேட்கவும் வராது. 19 வயதில் இரண்டாவது வயிற்றோடுதான் வரும்.

இன்னொன்று. கருவைக் கரைக்க ஏதாவது குடித்திருந்தால், குளிசை போட்டிருந்தால் மறைக்க வேண்டாம். தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருக்கலைப்பு செய்ய இங்கே சட்டம் விடாது. ஆனால் இரத்தம் போய் வருகிறவளுக்கு வைத்தியம் செய்வது வைத்தியசாலையின் கடமை. இரத்தம் போனாலோ, கடும் தலையிடி, கண் மங்கல், முகம் வீங்குதல் வந்தாலோ 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அம்மம்மாவின் போனிலும் அந்த இலக்கத்தைப் பதிந்து கொடுங்கள்.

உங்கள் பகுதி மிட்வைஃப் யாரென்று தெரியாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். அந்த மிட்வைஃப் முகம் சுளித்துப் பேசினால், அதே பணிமனையில் அவருக்கு மேலே பொதுச் சுகாதாரத் தாதி சகோதரி இருப்பார், அவரிடம் சொல்லுங்கள். முதல் நாள் நீங்களும் கூடவே போங்கள்.