ஆலய நிதி திரட்டல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் சபையில் 120 குடும்பங்கள். ஆலயக் கூரையை மாற்ற வேண்டும். செலவை 120ஆல் வகுத்து, குடும்பத்துக்கு இவ்வளவு என்று அறிவித்துவிடலாம் என்கிறது கமிட்டி. சரிதானா?

வேண்டாம். அப்படி வகுத்தால் பணம் குறையத்தான் செய்யும். வசதியில்லாதவர்களால் அந்தத் தொகையைத் தர முடியாது. பத்து மடங்கு தரக்கூடியவர்களோ, கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று அதோடு நிறுத்திக்கொள்வார்கள். பிறகு அந்தக் குறையை யார் ஈடுகட்டுவது? பணத்தைவிடப் பெரிய கவலையும் உண்டு: தர முடியாதவர்கள் கூச்சப்பட்டு ஆராதனைக்கு வருவதையே குறைத்துக்கொள்வார்கள்.

மொத்தத் தேவையை 100 பங்காக வைத்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 15 பங்கு தர ஒரு குடும்பம், ஆளுக்கு 8 பங்கு தர இரண்டு, 4 பங்கு தர நான்கு, 2 பங்கு தர எட்டு. ஆக 15 குடும்பங்களிலிருந்து 63 பங்கு. மீதி 37 பங்கைத்தான் மற்ற 105 குடும்பங்களும் அவரவர் வசதிப்படி சேர்க்க வேண்டும். மேல் வரிசையில் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு மூன்று பெயர்களாவது தேவை. கேட்ட அளவே எல்லாரும் தந்துவிட மாட்டார்கள். பெயரே கிடைக்கவில்லை என்றால், இலக்கு உங்கள் சபையின் கைக்கு மீறியது என்று பொருள். அது தாளிலேயே தெரிந்துவிடுவது நல்லது. அப்போது வேலையைப் பகுதி பகுதியாகப் பிரியுங்கள்.

பொது அறிவிப்பு கடைசியில்தான். முதலில் கமிட்டியார் தங்கள் பங்கை எழுதித் தரட்டும். அடுத்து, பட்டியலில் உள்ள வீடுகளுக்கு இருவர் இருவராகப் போங்கள். "முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்டால் அன்று கையில் இருப்பதுதான் வரும். தொகையைச் சொல்லி, "மூன்று ஆண்டில் மாதாமாதம் தரலாம், உங்களால் ஆகுமா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேச்சை வேறு பக்கம் திருப்பாதீர்கள். ஆகாது என்றால் வற்புறுத்தவும் வேண்டாம். 60 பங்கு அளவுக்கு உறுதியான பிறகு ஆராதனையில் அறிவியுங்கள். வேதாகமத்தில் 1 நாளாகமம் 29இல் இதே வரிசையைப் பார்க்கலாம். ஆலயம் கட்டுவதற்காகத் தாவீது ராஜா தன் சொந்தப் பொன்னில் 3000 தாலந்தும், வெள்ளியில் 7000 தாலந்தும் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களைக் கேட்கிறான், தலைவர்கள் கொடுக்கிறார்கள், ஜனங்கள் சந்தோஷப்படுகிறார்கள்.

கேள்வி: நிதி தருவதாக வாக்களித்தவர்களில் சிலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். என்ன செய்வது?

வேலை போகும், நோய் வரும், ஊர் மாறுவார்கள். ஆகவே வாக்களித்த தொகையில் 90 சதவீதமே வரும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். வாக்குறுதிச் சீட்டில் பெயர், மொத்தத் தொகை, எத்தனை தவணை, கையெழுத்து ஆகியவற்றோடு, "நிலைமை மாறினால் தொகையைத் திருத்திக்கொள்ளலாம்" என்ற ஒரு வரியும் இருக்கட்டும். இந்த வரி இல்லாவிட்டால், தவணை தவறியவர் முகம் கொடுக்கக் கூசி ஒதுங்கிவிடுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செலுத்தியது இவ்வளவு, பாக்கி இவ்வளவு என்று தனித்தனிக் கவரில் அனுப்புங்கள். பாக்கிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது கூடவே கூடாது.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. வழக்கமான காணிக்கையை இதற்குத் திருப்பிவிடுவார்கள். கட்டட நிதி ஏறும், போதகரின் சம்பளத்துக்கு இடிக்கும். "வழக்கமான காணிக்கைக்கு மேலாக" என்று சீட்டிலேயே அச்சடியுங்கள். பொதுக் காணிக்கை மாதாமாதம் எப்படிப் போகிறது என்று பொருளாளர் பார்த்துவரட்டும்.

கேள்வி: காணிக்கை எண்ணுவதில் அடிக்கடி சந்தேகப் பேச்சு எழுகிறது.

உறவினர் அல்லாத இருவர், ஆராதனை முடிந்ததும் அதே இடத்தில் எண்ண வேண்டும். எண்ணாமல் பை வீட்டுக்குப் போகக் கூடாது. காணிக்கைக் கவரைப் பிரித்ததும் மேலே எழுதிய தொகையோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் உள்ளே இருந்த தொகையைக் கவரின் மேல் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, கவரைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு நோட்டு வாரியாக ஒரு தாளில் எழுதி அதிலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். வங்கியில் கட்டுபவர் மூன்றாமவர். வங்கிச் சீட்டையும் எண்ணிய தாளையும் சேர்த்துக் கோத்து வையுங்கள். கட்டட நிதிக்குத் தனிக் கணக்கு அவசியம்.

2 இராஜாக்கள் 12இல் ஆலயத்தைப் பழுதுபார்க்க வைத்த பெட்டி நிறைந்தபோது, ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்தே எண்ணினார்கள். இந்த ஏற்பாடு எண்ணுகிறவரின் நற்பெயரைக் காக்கத்தான் என்பதை அவர்களிடம் சொல்லியே தொடங்குங்கள், மனவருத்தம் வராது.

கேள்வி: விருந்து, விற்பனை விழா நடத்தியே முழுத் தொகையும் சேர்த்துவிட முடியாதா?

கடினம். செலவு போக மிஞ்சுவது என்ன என்று பாருங்கள். ஆட்களைச் சேர்க்கவும் இளைஞர்களுக்கு வேலை கொடுக்கவும் விழா நல்லது. கூரைக்கு அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: எப்போது வேலையை ஆரம்பிக்கலாம்?

மதிப்பீட்டோடு எதிர்பாராச் செலவுக்கென 10 முதல் 15 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்; பழைய கூரையைப் பிரித்த பிறகுதான் அடியில் அரித்துப்போன மரம் கண்ணில் படும். தொடங்கப்போகும் கட்டத்துக்கான பணம் வாக்காக அல்ல, வங்கியில் ரொக்கமாக இருந்தால் மட்டுமே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். கூரையைப் பொறுத்தவரை, பிரிப்பதிலிருந்து மூடி முடிப்பதுவரை ஒரே கட்டம். பணம் மிஞ்சினால் எதற்குப் போகும் என்பதையும் வாக்குறுதிச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். கூரைக்கென்று வாங்கியதைப் பிற்பாடு கமிட்டியின் விருப்பத்துக்கு வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது.