சோதித்த கிரீம் கையில் எரிவது ஏன்?

கேள்வி (பாம்பனிலிருந்து): வணக்கம் அக்கா. எங்கள் மகளிர் குழுவில் 22 பேர். பாதிப் பேர் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் போகிறோம், இருந்தாலும் பாறையில் உரசிக் கை எப்போதும் வெடிப்பும் கீறலுமாக இருக்கும். ராமநாதபுரத்தில் ஒரு கடையில், கைக்குப் போடும் கிரீமை மொத்தமாக எடுத்தால் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். மேலே ‘டெர்மட்டாலஜிக்கலி டெஸ்டட்’ என்று போட்டிருக்கிறது. மாதிரிக்கு ஒன்று வாங்கி நாலு பேர் போட்டுப் பார்த்தோம். இரண்டு பேருக்கு ஒன்றும் இல்லை. எனக்குப் போட்டவுடன் எரிந்தது, கால்மணி நேரத்தில் அடங்கிவிட்டது. இன்னொருத்திக்கு மூன்றாம் நாள் மணிக்கட்டு வரை அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளம். சோதித்த பொருள் எப்படி இப்படிச் செய்யும்? வாங்கலாமா?

பதில்: மொத்தமாக வாங்காதீர்கள், தங்கச்சி. நாலு பேரில் இரண்டு பேருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்த பிறகு 22 பேருக்கு வாங்க எந்த விலைக் குறைப்பும் போதாது.

அந்த வரிக்கு அர்த்தம், தோல் மருத்துவர் மேற்பார்வையில் சிலருடைய தோலில் போட்டுப் பார்த்தார்கள் என்பது. எத்தனை பேர், எத்தனை நாள், யாருக்காவது அரித்ததா என்று அது சொல்வதில்லை.

ஒரு பொருள் தோலை எரிக்குமா என்று ஆய்வகத்தில் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெடுங்காலம் முயலின் முதுகில்தான் பார்த்தார்கள். முடியை மழித்து, பொருளைத் தடவி மூடி, பிறகு எவ்வளவு சிவந்திருக்கிறது, எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று மதிப்பெண் போடுவார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் இருந்த ஜான் டிரெய்ஸ் 1944-இல் வகுத்த முறை அது. முயலுக்கும் வலி, நமக்கும் சரியான பதில் கிடைக்காது, ஏனென்றால் முயல் தோலும் மனிதத் தோலும் ஒன்றல்ல. அழகுப் பொருட்களை விலங்குகள் மேல் சோதிப்பதை நம் நாடு 2014-இல் தடை செய்தது. அதில் எனக்கு நிஜமான சந்தோஷம். இப்போது மனிதத் தோல் செல்களைச் சின்னக் கிண்ணங்களில் அடுக்கடுக்காக வளர்த்து, அதன் மேல் பொருளை வைக்கிறார்கள். கழுவிய பிறகு ஒரு மஞ்சள் சாயம் விடுவார்கள். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும். ஊதா எவ்வளவு என்று அளந்து, பாதி அல்லது அதற்கும் குறைவான செல்களே பிழைத்திருந்தால் அந்தப் பொருள் எரிச்சலூட்டி என்று எழுதுவார்கள்.

கிண்ணத்தில் வளர்ந்த அந்தத் தோலில் வெடிப்பு கிடையாது. சோதனைக்கு வருகிறவர்களின் முதுகும் முழங்கையும் நல்ல தோல்தான். உங்கள் கை அப்படியா? என் அம்மா முப்பது வருடம் கருவாடு காயவைத்தவர். உப்பில் ஊறி, வெயிலில் காய்ந்து, சாயங்காலம் மீன் வாடை போகத் துணி சோப்பில் தேய்த்து, அந்த விரல்களில் மேல்தோல் என்று ஒன்று இருந்ததா என்றே எனக்குச் சந்தேகம். மேல்தோல்தான் மதில். அது உடைந்திருந்தால் சாதாரணப் பொருளும் உள்ளே இறங்கி நரம்பைத் தொடும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான். வெடிப்புக்கான கிரீம்களில் யூரியா, லாக்டிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் இருப்பது வழக்கம். தடித்த குதிகாலுக்கு அவை நல்லது. பச்சைக் கீறலில் சுரீர் என்று எரியும். சிவப்போ வீக்கமோ இல்லாமல் எரிச்சல் தானே அடங்கினால் பெரிய பயம் வேண்டாம், கீறல் ஆறும்வரை நிறுத்திவையுங்கள்.

மூன்றாம் நாள் அரித்ததே, அந்தத் தோழி விஷயம் வேறு. ஒவ்வாமை பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும், போட்ட இடத்தைத் தாண்டியும் பரவும். அவர் அந்த கிரீமைத் திரும்பத் தொடக் கூடாது. டப்பாவைத் தூக்கிப் போடாமல் தோல் மருத்துவரிடம் எடுத்துப் போகட்டும். எந்த மூலப்பொருள் என்று கண்டுபிடிக்க முதுகில் சிறு ஒட்டுகள் வைத்து 48 மணி நேரம் விட்டு, எடுத்தபோது ஒரு தடவையும் இன்னும் இரண்டு நாள் கழித்து ஒரு தடவையும் பார்ப்பார்கள். முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. ஆக அந்த வாரம் கடலுக்குப் போக முடியாது. அதற்குத் தகுந்தபடி நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி எந்த கிரீம் வாங்கினாலும் ஒன்றே ஒன்று வாங்குங்கள். முழங்கை மடிப்புக்குக் கீழே உள்பக்கம், கீறல் இல்லாத இடத்தில், ஒரு ரூபாய் அகலத்துக்குக் காலையும் மாலையும் தடவி ஏழு நாள் பாருங்கள். ஒரு நாள் போட்டுவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஏழு நாள் தாண்டினால் ஒரே ஒரு விரலில், கடலுக்குப் போகாத நாளில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரும் தன் கையில்தான் பார்க்க வேண்டும், உங்களுக்கு ஒத்தது பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒத்துக்கொள்ளும் என்று இல்லை. சோப்பு, ஷாம்பு, பாத்திரம் கழுவும் திரவம் இவற்றை மட்டும் இப்படித் தடவி விட்டுவிடக் கூடாது. கழுவிவிடுவதற்காகச் செய்தவை அவை, தோலில் உட்காரவைத்தால் யாருக்கும் எரியும்.

அதுவரை கைக்கு வாசனை சேர்க்காத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும். மீன் வாடைக்கு எலுமிச்சம்பழம் தேய்க்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. தேய்த்த கையோடு வெயிலில் நின்றால் தோல் வெந்து கருந்தழும்பு விழும். தேய்த்தால் நன்றாகக் கழுவிவிட்டு வெளியே போங்கள்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒருவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதாலேயே பொருளில் குறை என்று ஆகிவிடாது. ஆனால் டப்பாவில் மூலப்பொருள் பட்டியல், தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இவற்றில் ஏதாவது இல்லை என்றால் உங்கள் பக்கம் பலம் அதிகம். பில், டப்பா, கையின் புகைப்படம் மூன்றையும் வைத்துக்கொண்டு முதலில் கடைக்காரரிடம் பேசுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும்.

கேள்வி (கீழக்கரையிலிருந்து): தங்கை நிக்காஹ்வுக்கு மருதாணி கோன் வாங்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கும் கோன் ஒன்று விற்கிறார்கள். கையில் கொஞ்சம் வைத்துச் சோதித்துவிட்டு வாங்கலாமா?

பதில்: சோதிக்கவே வேண்டாம், வாங்கவும் வேண்டாம். மருதாணி இலை ஒரு மணி நேரத்தில் கறுக்காது. சில மணி நேரம் வைத்து எடுத்தால் ஆரஞ்சாகத்தான் இருக்கும், ஒன்றிரண்டு நாளில் கருஞ்சிவப்பாகும். உடனே கறுக்கிறது என்றால் தலைச்சாயத்தில் போடும் பாராஃபீனிலீன்டையமீன் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். முதல் தடவை ஒன்றும் ஆகாமல், உடம்பு அதை ‘எதிரி’ என்று மனதில் வைத்துக்கொள்ளும். பல வருடம் கழித்துத் தலைக்குச் சாயம் பூசும்போது முகமே வீங்கலாம். அதனால்தான் சோதனைகூட வேண்டாம் என்கிறேன்.

தலைச்சாய டப்பாவில், முதலில் காதுக்குப் பின்னாலோ முன்கையிலோ தடவி 24 மணி நேரம் பார்த்துவிட்டுப் பூசவும், ஒவ்வொரு தடவையும் அப்படிப் பார்க்கவும் என்று எச்சரிக்கை போட நம் நாட்டு விதியே சொல்கிறது. கோன் விற்பவர்கள் அந்த ஒரு வரியைக்கூடப் போடுவதில்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வீட்டிலேயே இலை அரைத்து வையுங்கள். அன்றைக்கு நிறம் சரியாக ஏறியிருக்கும்.

கேள்வி (தொண்டியிலிருந்து): பைபர் வள்ளத்தை நானே ஒட்டுப்போடுகிறேன். ஒட்டும் ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் புதுக் கம்பெனி. கைக்கு ஆகுமா என்று ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாமா தங்கச்சி?

பதில்: வேண்டாம் அண்ணே. ஹார்டனர் தோலை அரித்துப் புண்ணாக்கும் சரக்கு, எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அப்படித்தான். கடையில் அதற்கான பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள், தயாரிப்பாளர் வைத்திருப்பார். நைட்ரைல் கையுறை, கண்ணாடி இரண்டும் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். கண்ணில் தெறித்தால் உடனே நல்ல தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.