ஒரு சோற்றுருண்டையை வைத்து ஜப்பானைக் காட்டலாமா?

கேள்வி: நகோயாவில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பியிருக்கிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் ஜப்பான் பற்றி ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தித் தரச் சொல்கிறார்கள். இரண்டு மணி நேரம், 40 பேர், பாதிப் பேர் சைவம். ‘கெஞ்சியின் கதை’ என்ற பழைய ஜப்பானிய நாவல், ஹைக்கூ, அனிமே, சுஷி, தேநீர்ச் சடங்கு என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பதில்: அந்தப் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். கெஞ்சியின் கதை மட்டுமே 54 அத்தியாயம். அதை 20 நிமிடத்தில் சொன்னால் பெயர்கள்தான் மிஞ்சும். தேநீர்ச் சடங்கு நாலைந்து பேர் உட்காரும் சின்ன அறைக்கானது. 40 பேர் கூடத்தில் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. சுஷிக்குப் பாதிப் பேர் கை நீட்டமாட்டார்கள்.

ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் ஒனிகிரி. நகோயாவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பார்த்திருப்பீர்களே, கடற்பாசித் தாள் சுற்றிய முக்கோணச் சோற்றுருண்டை, அதுதான். கதை, அனிமே, சாப்பாடு மூன்றையும் அது ஒன்றே இழுத்துக்கொண்டு வரும்.

கதையில் ஆரம்பியுங்கள். ஒனிகிரிக்கு ஒமுசுபி என்றும் பெயர். 'ஒமுசுபி கொரோரின்' என்று ஒரு நாட்டுப்புறக் கதை. மலையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த கிழவரின் கையிலிருந்து சோற்றுருண்டை நழுவி, உருண்டு, ஒரு எலி வளைக்குள் விழுகிறது. உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம். அது பிடித்துப்போய் இன்னொன்றையும் உருட்டிவிடுகிறார், கடைசியில் தானும் விழுகிறார். எலிகள் விருந்து வைத்து, பெரிய பெட்டி வேண்டுமா, சின்னது வேண்டுமா என்று கேட்கின்றன. அவர் சின்னதை எடுக்கிறார், உள்ளே பொன். இதைக் கேட்ட பேராசைக்காரப் பக்கத்து வீட்டுக்காரர் வளைக்குள் போய்ப் பூனை மாதிரிக் கத்துகிறார், அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதை வாசிக்காதீர்கள், கமிஷிபாய் முறையில் காட்டுங்கள். 1930களில் ஜப்பானியத் தெருக்களில் சைக்கிளில் வந்த கதைசொல்லிகளின் கலை இது. மரக்கட்டைகளைத் தட்டிப் பிள்ளைகளைக் கூட்டுவார்கள், மிட்டாய் விற்பார்கள். மிட்டாய்தான் வருமானம், கதை இலவசம். மரச்சட்டத்துக்குள் பட அட்டைகள் அடுக்கியிருக்கும். முன்னால் இருப்பதை உருவிக் கடைசியில் செருகுவார்கள். பின்னால் நிற்கும் உங்களுக்குத் தெரிவது கடைசி அட்டையின் முதுகுதான், அதனால் முதல் படத்துக்கான வசனம் அங்கே இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். நானும் முதல் தடவை கிழவர் விழுந்த பிறகு மலை ஏற்றிவிட்டேன். உருண்டை உருளும் இடத்தில் அட்டையைப் பாதி உருவி நிறுத்துங்கள். கூடம் அமைதியாகும். பிறகு சட்டென்று இழுங்கள், எலி வளை தெரியட்டும்.

எலிகளின் பாட்டில் வரும் 'கொரோரின் ஸுத்தொன்தொன்' என்ற ஒலியைத் தமிழ்ப்படுத்த வேண்டாம். உருளுகிற சத்தம்தான் அது. இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தால் 40 பேரும் கூடவே சொல்வார்கள். படங்களை மட்டும் நீங்களே வரையுங்கள், அல்லது யாரையாவது வரையச் சொல்லுங்கள். கதை ஊர்ப் பொது, அச்சிட்ட அட்டையில் இருக்கும் ஓவியம் அப்படியில்லை.

அனிமேக்கு முழுப்படம் போட நினைக்காதீர்கள். பொதுக்கூடத்தில் திரையிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். அதற்குப் பதில் ஒரு சம்பவம் சொல்லுங்கள். 1990களின் கடைசியில் போக்கிமான் ஆங்கிலத்துக்குப் போனபோது, பாத்திரங்கள் கையில் பிடித்திருந்த ஒனிகிரியை ஜாம் வைத்த டோனட் என்று வசனத்தில் மாற்றிவிட்டார்கள். திரையில் வெள்ளைச் சோறு, கறுப்புப் பட்டை, காதில் டோனட். அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று பயந்திருக்கிறார்கள். பார்த்த பிள்ளைகளோ வளர்ந்து, இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். 'நீங்களாக இருந்தால் தமிழில் என்ன சொல்லியிருப்பீர்கள்?' என்று கூட்டத்தைக் கேளுங்கள். கொழுக்கட்டையா, கட்டுச்சோறா என்று அடித்துக்கொள்வார்கள். மொழிபெயர்ப்பு பற்றித் தனியாக உரை எதுவும் தேவைப்படாது.

ஹைக்கூவை விட மனமில்லை என்றால் ஐந்தே நிமிடம். 1916-இலேயே பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார் என்று மட்டும் சொன்னால் போதும், வாசகர் வட்டக்காரர்கள் மீதியைத் தேடிக்கொள்வார்கள்.

இனிச் சாப்பாடு. நம் பொன்னி அரிசியில் உருண்டை நிற்காது, உதிரும். ஜப்பானிய அரிசிதான் வேண்டும். ஆளுக்கு 100 கிராம் சோறு என்று கணக்கிட்டால் 40 பேருக்கு இரண்டு கிலோ அரிசி தாராளம். கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு கப்புக்கு 1.2 கப் தண்ணீர். வெந்ததும் பத்து நிமிடம் மூடியே வையுங்கள். சூடு ஆறுவதற்குள் பிடிக்க வேண்டும். கையை நனைத்து உப்புத் தொட்டுப் பிடிப்பதுதான் பழைய வழக்கம், ஆனால் இத்தனை பேருக்குச் செய்யும்போது பிளாஸ்டிக் உறையில் வைத்துப் பிடியுங்கள். கையிலிருக்கும் கிருமி வெதுவெதுப்பான சோற்றில் வேகமாகப் பெருகும். அழுத்திப் பிசையவும் வேண்டாம், கடித்தால் உள்ளே சோறு பிரிய வேண்டும்.

நோரி என்ற அந்தக் கடற்பாசித் தாளைக் கடைசியில் சுற்றுங்கள், இல்லையென்றால் நமத்துவிடும். சுற்றிக்கொண்டே ஒரு விஷயம் சொல்லலாம். 1949-இல் கேத்லீன் ட்ரூ-பேக்கர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், நோரி இனத்துப் பாசி தன் வாழ்வில் ஒரு கட்டத்தைச் சிப்பி ஓடுகளில் கழிக்கிறது என்று கண்டுபிடித்தார். அதுவரை கடல் தருவதை நம்பியிருந்த நோரிச் சாகுபடி, அதன் பிறகுதான் நிலைத்தது. அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை. ஆனாலும் குமாமோட்டோவின் உதோ நகரில் வருடாவருடம் ஏப்ரல் 14 அன்று அவருக்கு விழா எடுக்கிறார்கள்.

உள்ளே வைக்க உமேபோஷி, அதாவது உப்பில் ஊறிய புளிப்புக் காய். உப்பு நார்த்தங்காய் தின்று வளர்ந்த நாக்குக்கு அறிமுகமே தேவையில்லை. வாங்கும்போது பொட்டலத்தில் 'கட்சுவோ' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் மீன் சேர்ந்திருக்கிறது, சைவர்களுக்கு ஆகாது. வாங்கி வந்ததும் கொட்டையை எடுத்துவிடுங்கள். சோற்றுக்குள் கல் மாதிரி இருக்கும்.